நான் கரைசேர்த்த மீனவன்

நான் பிறருக்குப் பரிந்துரைத்த நாவல்களில் பாதியைத்தான் முழுதாக வாசித்திருக்கிறேன். இதுவும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். உண்மை கால்வாசிக்குப் பக்கத்தில் இருக்கும். இதை இவ்வளவு காலம் வெளியே சொல்லாததற்கு வெட்கம் ஒரு காரணம். யாரும் கேட்கவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒரு நாவலைப் புகழ்கிறவனிடம் ‘நீ வாசித்து முடித்துவிட்டாயா’ என்று கேட்பது மரியாதையில்லை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அந்த மரியாதையை நம்பித்தான் நான் பல வருடங்கள் இலக்கியவாதியாக வாழ்ந்தேன்.

திருகோணமலையில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அரச கந்தோரில் அப்போது நான் எழுதுவினைஞன். வயது இருபத்தொன்பது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில், வேலை தொடங்குமுன், ஒரு நாவலை யன்னல் விளிம்பில் நிமிர்த்தி வைப்பேன். பக்கத்தில் ஒரு கோப்பை தேநீர். பின்னால் கோதுமை இறக்க வந்து நங்கூரமிட்டிருக்கும் ஏதாவதொரு கப்பல். படம் எடுத்து, ‘இப்போது வாசிப்பது’ என்று வாட்ஸ்அப்பில் போடுவேன். கீழே இரண்டு வரி: ‘மனிதமனத்தின் இருண்ட மூலைகளைத் தொடும் படைப்பு. தவறவிடாதீர்கள்.’ (எல்லா நாவலிலும் மனிதமனம் இருக்கும். எல்லா மனத்திலும் மூலை இருக்கும். இருபது பக்கம் வாசித்தாலே இதைத் துணிந்து எழுதலாம்.) யாராவது முடிவைப் பற்றிக் கேட்டால், ‘அதைச் சொன்னால் உங்களுக்கு வாசிக்கிற சுகம் போய்விடும்’ என்று அடக்கமாகச் சொல்வேன். எனக்கும் அந்தச் சுகம் போகக்கூடாது என்பதுபோல அந்தப் புத்தகத்தை அதோடு மூடிவிடுவேன்.

எனக்கு எதிர் மேசையில் சாந்தினி அக்கா இருந்தார். சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய கணவர் யோகன் மீனவர். ஏழு வருடங்களுக்கு முன்னால், வாடைக்காற்று தொடங்குகிற நாட்களில், ஒரு விடியற்காலை தனியாகக் கடலுக்குப் போனவர். நாலாம் நாள் இலங்கைத்துறைப் பக்கம் அவருடைய வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. இது கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிறகு நான் செய்ததைத் தெரியாமல் செய்ததாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு திங்கட்கிழமை அக்கா என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, வாசிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கோ. எனக்கில்லை, மாமிக்கு. மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பின்னேரத்தில நான் வாசிச்சுக் காட்டுவன்.”

மாமி என்றால் யோகனின் தாய், பொன்னம்மா. இரண்டு பெண்களும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

அன்று காலை நான் படம் எடுத்த நாவல் யன்னலிலேயே இருந்தது. ஒரு கடலோரக் கிராமத்தின் கதை. எழுதியவர் பெயரையும் நாவலின் பெயரையும் சொல்லப் போவதில்லை, அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. எண்பது பக்கம் வாசித்திருந்தேன். அந்த எண்பது பக்கத்திலும் கலியாணம், கோயில் திருவிழா, இரண்டு குடும்பங்களுக்கிடையில் ஒரு வேலிச் சண்டை, நல்ல நல்ல மீன்கறி. வேலன் என்றொரு இளைஞன் பாய்வள்ளத்தில் போய் நிறைய மீனோடு திரும்புவான். எழுத்து உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதை எடுத்து நீட்டினேன்.

அக்கா அட்டையைப் பார்த்தார். அதில் ஒரு வள்ளம் இருந்தது.

“இதில சாவு வருமோ, தம்பி?”

“சாவு எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, அக்கா. சந்தோசமான கதை.”

இப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, ‘மனதை லேசாக்கும்’ என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று வாரமும் எனக்கு நல்ல காலம். அக்கா தினமும் வந்து கதை சொன்னார். வேலிச் சண்டையைக் கேட்டு மாமி சிரித்தாராம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கேட்க வரத் தொடங்கினார்களாம். பிறகு அவர்களுடைய புருஷன்மாரும். மாணிக்கம் என்றொருவர், யோகனோடு சேர்ந்து தொழில் செய்தவர், ‘இந்த எழுத்தாளருக்குப் பிய்ஞ்ச வலை பொத்தத் தெரியும்’ என்று பாராட்டினாராம். கதை எண்பதாம் பக்கத்தைத் தாண்டிய நாளிலிருந்து நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத பாத்திரங்கள் வரத் தொடங்கின. ‘ஓம், அவ அப்பிடித்தான்’ என்று பொதுவாகச் சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை அக்கா வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது.

“தம்பி, நீங்கள் இந்தப் புத்தகத்தை முழுக்க வாசிச்சனீங்கள்தானே?”

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம் அது. கடைசிச் சந்தர்ப்பமும் அதுதான்.

“ரெண்டு தரம் வாசிச்சனான், அக்கா.”

“நான் நேற்று, மாமிக்கு இன்னும் வாசிக்காத அதிகாரத்தை முன்னுக்குப் போய் வாசிச்சுப் பாத்தனான். அண்டைக்கு நீங்கள் ஏன் அப்பிடிச் சொன்னீங்கள் எண்டு இப்ப விளங்குது. நீங்கள் யோசிச்சுத்தான் தந்திருக்கிறியள்.”

எதைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கு ஒரு துளியும் விளங்கவில்லை. ஆனால் பாராட்டு என்பது விளங்கியது. கண்ணை மெல்ல மூடித் திறந்தேன். (ஆழமான ஆட்கள் அப்படிச் செய்வார்கள் என்று எங்கோ பார்த்திருந்தேன்.)

“ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டை வாங்கோ. அந்த அதிகாரத்தை நீங்கள் வாசியுங்கோ. எனக்குத் தொண்டை சரியில்லை.”

சம்மதித்தேன். வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்தது. என்னிடமிருந்த ஒரே பிரதி சல்லியில் இருந்தது. கடையில் விசாரித்தேன், இல்லை. இணையத்தில் தேடியபோது அந்த நாவலுக்கு ஒரு மதிப்புரை கிடைத்தது. கலியாணத்தைப் பற்றி ஒரு பந்தி, வேலிச் சண்டையைப் பற்றி ஒரு பந்தி, ‘மிகுதியை வாசகர்களே அனுபவிக்கட்டும்’ என்று முடித்திருந்தார் அந்த மகான். என்னைப் போல இன்னொருவர். போய் இறங்கியதும் புத்தகத்தை வாங்கி அவசரமாக ஒருமுறை புரட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போய் இறங்கியபோது புரட்ட இடமிருக்கவில்லை. முற்றத்தில் வேப்பமர நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கென்று கைபிடி வைத்த கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். அதற்கு நேரெதிரே பொன்னம்மா. ஒல்லியான, நிமிர்ந்து உட்காரும் பெண். கை இரண்டையும் மடியில் வைத்திருந்தார்.

“வாங்கோ தம்பி. சாந்தினி சொன்னவள், நல்லா வாசிப்பீங்களாம்.”

சாந்தினி அக்கா புத்தகத்தைத் திறந்து, இடத்தைக் காட்டித் தந்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

முதல் இரண்டு பக்கத்தையும் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல வாசித்தேன். வேலன் கடலுக்குப் போகிறான். வானம் கறுக்கிறது. பக்கத்தைத் திருப்பியதும் என் கண் வாயை முந்திக்கொண்டு கீழே ஓடியது. அங்கே, ஒரு பந்தியின் தொடக்கத்தில், மூன்று நாள் கழித்து வேலனின் வள்ளம் கரைக்கு வந்தது என்றும், அதற்குள் ஒருவரும் இருக்கவில்லை என்றும் எழுதியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பொன்னம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை. அந்த அம்மாவைக் காப்பாற்றவேண்டும் என்ற பெரிய எண்ணம். சாந்தினி அக்கா முன்னுக்கு வாசித்துவிட்டதாகச் சொன்னதெல்லாம் அந்தக் கணத்தில் மறந்துபோனது.

“மூன்று நாள் கழித்து வேலனின் வள்ளம் கரைக்கு வந்தது,” என்று வாசித்தேன். “அதற்குள், வேலன் இருந்தான். மிகவும் களைத்துப்போயிருந்தான். ஆனாலும் நல்ல சுகமாக இருந்தான்.”

(வெளிநாட்டிலிருந்து வருகிற கடிதம் மாதிரி எனக்கே கேட்டது.)

முற்றத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ ஒரு பெண் ‘அப்பாடா’ என்றார். எனக்குத் துணிவு வந்தது. “காற்று அவனைக் கைவிடவில்லை. கச்சான்காற்று அவனைத் தாய்போல் ஏந்திக் கரையில் சேர்த்தது,” என்று தொடர்ந்தேன்.

“பொறுங்கோ,” என்றார் பின்னாலிருந்த ஒருவர். அவர்தான் மாணிக்கம் என்று பிறகு தெரிந்தது. “என்ன காத்து?”

“கச்சான்.”

“கச்சான் தரையிலயிருந்தெல்லோ அடிக்கும். அது வள்ளத்தை வெளியிலதானே கொண்டு போகும்.”

நான் தம்பலகாமத்தான். எங்கள் வீட்டில் நெல் தூற்றுவதற்குக் காத்திருக்கும் காற்று கச்சான். எனக்குத் தெரிந்த ஒரே காற்று அதுதான். குனிந்து புத்தகத்தைப் பார்த்து, “ஆனால், இடையிலே காற்று மாறியது,” என்று வாசித்தேன்.

“அப்ப மூண்டு நாளும் தண்ணிக்கு என்ன செய்தவன்?”

என் கந்தோர் யன்னலில் தெரிகிற கப்பல் ஞாபகத்துக்கு வந்தது. “அவ்வழியே வந்த கோதுமைக் கப்பலொன்று அவனுக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தது.”

“கொடுத்திட்டு ஆளை ஏத்தாமல் போயிட்டாங்களோ?”

நியாயமான கேள்வி. “கப்டன் ஏறச் சொல்லிக் கேட்டார். வள்ளத்தை விட்டுவிட்டு வர வேலனுக்கு மனமில்லை.”

மாணிக்கம் தலையசைத்தார். “அது சரி. விட்டிட்டு வரமாட்டான்,” என்றார். மற்ற ஆண்களும் தலையசைத்தார்கள். அன்று பின்னேரம் முழுவதிலும் நான் சரியாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வேலனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். குளிக்க வார்த்தேன். தாய் சோறு போட்டாள். கறி என்ன என்று ஒரு பெண் கேட்கப் பாரைமீன் என்றேன். வேலனுக்குப் பெண் பார்க்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது பொன்னம்மா பேசினார். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

“தம்பி, சாந்தினி வாசிக்கேக்க கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா ஒற்றையைத் திருப்புவாள். நீங்கள் கனநேரமா ஒரு ஒற்றையைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறியள்.”

என் கை அப்போதும் அந்தப் பந்தியின் மேல்தான் இருந்தது.

“அவன் வரேல்லைத்தானே?” என்றார்.

வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதற்குத்தான் மிகச் சுலபமான பதில். ஒரு தலையாட்டல் போதும். அதுகூட என்னால் முடியவில்லை. முற்றத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாந்தினி அக்கா என் கையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். நான் விட்ட இடத்திலிருந்து, அதாவது உண்மையான இடத்திலிருந்து, வாசிக்கத் தொடங்கினார். தொண்டையில் ஒரு கோளாறும் இருக்கவில்லை.

வள்ளம் வந்தது. ஆள் இல்லை. வேலனின் தாய் தினமும் காலையில் கடற்கரைக்குப் போய் நின்றாள். ஊரார் வா என்று கூப்பிட்டபோதெல்லாம் கோபித்தாள். ஒருநாள் காலையில் அவள் எழும்பி, தலையை வாரி, கடற்கரைக்குப் போகாமல் அடுப்பை மூட்டினாள். அந்த இடத்தில் அக்காவின் குரல் ஒருமுறை தடுக்கியது. பிறகு தொடர்ந்தது.

அதிகாரம் முடிந்தது.

“அந்த அடுப்பு மூட்டின இடத்தைத் திருப்பி வாசி, பிள்ளை,” என்றார் பொன்னம்மா.

அக்கா வாசித்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாணிக்கம், “நாங்கள் ஆறு நாள் தேடினனாங்கள், அம்மா,” என்றார்.

“தெரியும்,” என்றார் பொன்னம்மா. “நீங்கள் தேடினது எனக்குத் தெரியும்.”

அவர் எழுந்து குசினிக்குள் போனார். எனக்கு ஓடிவிடவேண்டும்போல இருந்தது, ஆனால் கைபிடி வைத்த கதிரையிலிருந்து யாரும் கவனிக்காமல் எழும்ப ஏலாது. தேநீரோடு வந்து என்னிடம் நீட்டினார். கண் சிவந்திருந்தது. “குடியுங்கோ தம்பி. நல்லாத்தான் வாசிச்சீங்கள். காத்துத்தான் பிழை.”

சாந்தினி அக்கா பஸ் தரிப்பிடம் வரை என்னோடு வந்தார். வழியில்தான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. அந்த வீட்டில் ஏழு வருடமாக யோகனைப் பற்றி ‘போன ஆள்’ என்றுகூட யாரும் சொல்லக்கூடாது. ‘வெளியில போயிருக்கிறான்’ என்றுதான் சொல்லவேண்டும். அக்கா மரணப்பத்திரம் எடுக்கக் கேட்டபோதெல்லாம், ‘என்ர பிள்ளை சாகேல்ல’ என்று மாமி கைநாட்டு வைக்க மறுத்தார். படிவங்களில் விதவை என்றும் எழுதமுடியாமல், கணவரின் தொழில் என்ற இடத்தை நிரப்பவும் முடியாமல் அக்கா தவித்திருக்கிறார். அந்த வீட்டில் தன் வாயால் சொல்லமுடியாததை ஒரு புத்தகம் சொல்லட்டும், அதையும் வேறொரு ஆள் வாசிக்கட்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டாராம்.

“எல்லாம் தெரிஞ்சுதானே நீங்கள் இந்தப் புத்தகத்தைத் தந்தனீங்கள். பிறகு ஏன் தம்பி மாத்தி வாசிச்சீங்கள்?”

இனி ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“அக்கா, நான் எண்பதாம் பக்கத்துக்கு மேல வாசிக்கேல்ல.”

அவர் நின்றார். “ரெண்டு தரம் வாசிச்சனான் எண்டீங்கள்?”

“முதல் எண்பது பக்கத்தை ரெண்டு தரம் வாசிச்சனான்.”

(உண்மை. முதலாம் தரம் தொடங்கி விட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்துத் திரும்பத் தொடங்கினேன்.)

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

“உங்களை நம்பி மாமியை அந்தக் கதிரையில இருத்தினனான்,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அடுத்த ஒரு மாதம் எதிர் மேசையிலிருந்து எனக்குக் கோப்புகள் மட்டும் வந்தன. நாவல், பத்திரிகைத்தாளில் சுற்றப்பட்டு, ஒரு குறிப்பும் இல்லாமல் என் மேசையில் இருந்தது. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, பகல் முழுவதும் உட்கார்ந்து அதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். பெரிய நாவல். எண்பதாம் பக்கத்துக்குப் பிறகுதான் அது நாவலாகவே ஆகிறது. ஒரு நல்ல எழுத்தாளர் அவ்வளவு பாடுபட்டு, ஒவ்வொரு சொல்லாக அந்தத் தாயைக் கடற்கரையிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுவந்திருக்கிறார். நானோ பாரைமீன் கறியோடு நடுவில் புகுந்து குழப்பியிருக்கிறேன். அன்று நான் ஒரு படமும் போடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கந்தோர் வாசலில் பொன்னம்மா நின்றார். நல்ல சேலை உடுத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. சாந்தினி அக்கா பதறி எழுந்தார்.

“லீவு எழுதிக் கொடுத்திட்டு வா, பிள்ளை. பதிவுக்காரரிட்டப் போவம். எங்கை கைநாட்டு வைக்கவேணும் எண்டு காட்டு. வைக்கிறன்.” பிறகு என்னைக் கண்டார். பக்கத்தில் இருந்தவர்களிடம், “இந்தத் தம்பிதான், ஆளைக் கரைக்குக் கொண்டுவந்து சோறும் குடுத்தவர்,” என்றார்.

கந்தோர் முழுக்க விளக்கம் கேட்டது. அக்கா சொன்னார். வாசிப்பு, காற்று, கப்பல், எல்லாம். சொல்லச் சொல்ல முதலில் அவருக்கே சிரிப்பு வந்தது. அன்றைக்குத்தான் அவர் என்னோடு மீண்டும் பேசத் தொடங்கினார்.

நான் இப்போதும் திங்கட்கிழமைகளில் நாவல் பரிந்துரைக்கிறேன். ஆனால் எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். ‘இப்போது வாசிப்பது. நாற்பத்திரண்டாம் பக்கம். யார் சாவார்கள் என்று இன்னும் தெரியாது.’ முடித்தவற்றை மட்டும்தான் அக்காவிடம் கொடுப்பேன். அவரும் வாங்கமுன் நடுவிலிருந்து இரண்டு கேள்வி கேட்பார்.

போன வருடம் மாணிக்கத்தின் வள்ளம் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. சல்லிக் கடற்கரையில் பெண்கள் கூடிவிட்டார்கள். அக்காவின் கைபேசிக்கு மாமியிடமிருந்து அழைப்பு வந்தது. அக்கா கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

“தம்பி, மாணிக்கத்தின்ர வள்ளத்தைக் காணேல்ல. நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ, வந்திடும்,” என்றார் பொன்னம்மா. பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பில் எவ்வளவு பயம் இருந்தது என்பதும் கேட்டது.

மேசையில் நாவல் ஒன்றும் இருக்கவில்லை. விடுமுறை எடுப்பது சம்பந்தமான சுற்றறிக்கை ஒன்று கிடந்தது. அதை எடுத்து, முதல் பந்தியிலிருந்து, ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தேன். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பகல் இரண்டு மணிக்கு மாணிக்கம் எஞ்சின் பழுதோடு வந்து சேர்ந்தார்.

அன்றிலிருந்து சல்லியில் எந்த வள்ளம் பிந்தினாலும் எனக்கு அழைப்பு வருகிறது. என் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மனைவி விருந்தாளிகளுக்கு நடித்தே காட்டுவாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் கைபேசி அடித்தால், அந்த நேரத்தில் கைக்கு என்ன அகப்படுகிறதோ அதை எடுத்து, மறுபக்கத்தில் போதும் என்று சொல்கிறவரை வாசித்துக்கொண்டிருப்பேன்.